எங்கள் சாமைக் கூட்டில் படுத்திருந்த மன்னர்

"எல்லாரும் இப்படி வாங்க. சத்தம் போடாதீங்க. இதுதாங்க மன்னரோட ஓய்வறை."

வழிகாட்டி இப்படிச் சொன்னதும் கூட்டம் அடங்கியது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஓர் அம்மா தன் குழந்தையின் வாயிலிருந்த முறுக்கைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நானும் பயபக்தியோடு நிமிர்ந்து பார்த்தேன்.

நான்கு மரக்கால்கள். ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு தட்டைக் கல். அந்தக் கற்களின்மேல் மூங்கில் தட்டியும் மண்ணுமாக ஒரு சின்ன அறை. மேலே புதுப் புல் வேய்ந்த கூரை. சுவரில் செம்மண் பூசி வெள்ளைக் கோடு இழுத்திருந்தார்கள். ஆள் ஊர்ந்து நுழையும் அளவுக்கு ஒரு கதவு.

அந்தக் கதவின் கீழ்ச்சட்டத்தில் ஒரு பல் தடம் உண்டு. அது என்னுடையது. உள்ளே அம்மா ஒளித்துவைத்திருந்த வெல்லத்துக்காக ஏறி, வழுக்கி விழுந்தபோது பதிந்தது. பல் அங்கேயே விழுந்துவிட்டது. வெல்லம் கிடைத்தது.

"மன்னர் வேட்டைக்குப் போயிட்டு வந்து இங்கதான் படுப்பாருங்க" என்றார் வழிகாட்டி. பெயர் தினேஷ். சேலம் பக்கத்துப் பையன். மனப்பாடம் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் என் எட்டாம் வகுப்பு மாணவர்களின் முகம் அவருக்கு.

"வாசல் ஏன் இத்தனை சின்னதா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"யாரா இருந்தாலும் குனிஞ்சு வணங்கிட்டுத்தான் உள்ள போகணும். அதுக்குத்தாங்க."

"அப்ப மன்னர்?" என்று நான் கேட்டேன்.

அவர் ஒரு கணம் யோசித்தார். "அவரும் குனிஞ்சுதான் போவாருங்க மேடம். தன்னடக்கம்."

என்னோடு வந்திருந்த மேரி டீச்சர் என் விலாவில் இடித்து, "எவ்வளவு அழகா சொல்லுதாரு பாருங்க" என்றார்.

உப்பு ஏறிய தெரு

மேரி டீச்சருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். நாமக்கல் அருகே நானும் அவரும் ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம். ஒருநாள் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, "கொல்லிமலையில ஒரு பழைய தெருவைப் புதுசாக்கியிருக்காவளாம், பார்க்கப் போவமா?" என்று கேட்டார். வீடியோவில் எங்கள் வீட்டுக் கொல்லை தெரிந்தது. காயப்போட்ட என் பழைய சுடிதார்கூடத் தெரிந்தது.

"போகலாமே, எங்க ஊர்ப் பக்கம்தான்" என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் இதே பக்கத்தில் வந்த என் விடுதிக் கதையைப் படித்த ஒரு வாசகி, "எப்போதும் உங்களைப் பற்றியே பெருமை அடித்துக்கொள்கிறீர்களே?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். எம்.எஸ்சி., பி.எட். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அடிக்காமல் விட்ட பெருமையையும் சேர்த்து நானே அடிக்க வேண்டியிருக்கிறது. வேலை அதிகம்தான், என்ன செய்வது?

தெருவுக்கு வருகிறேன்.

எழுபது வளைவுப் பாதை வருவதற்கு முன்னால், கீழே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து உப்பு தலைச்சுமையாகத்தான் மலையேறும். ஏறியவர்கள் மூட்டையை இறக்கி மூச்சு வாங்குகிற இடம் எங்கள் தெரு. பைல் நாட்டிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) மிளகும் தேனும் கொண்டுவந்து உப்பு மாற்றிப் போவார்களாம். அதனால் உப்புத் தெரு. இதற்குமேல் எனக்கு வரலாறு தெரியாது. தெரியும் என்று சொல்லி வந்தவர்களுக்கு இதுவும் தெரியாது.

ரோடு வந்தது. உப்பு பாக்கெட்டில் அடைந்து பஸ்ஸில் ஏறியது. தெருவில் நாங்களும் ஆடுகளும் மிஞ்சினோம்.

அப்புறம் வாசலூர்பட்டி ஏரியில் படகு விட்டார்கள். படகில் ஒரு சுற்றுச் சுற்றியவர்கள் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் பஜ்ஜி தின்றுகொண்டு நின்றார்கள். அவர்களுக்கு ஒரு இடம் தேவைப்பட்டது. எங்கள் தெரு அகப்பட்டது.

சுற்றுலா நடத்துகிறவர்கள் வந்து கல் பாவினார்கள். அரிக்கேன் விளக்கு மாதிரியே செய்த கரண்ட் விளக்குகளை நட்டார்கள். கூரைகளுக்குப் புதுப் புல் வேய்ந்தார்கள். "நம்ம கூட்டையும் வேய்ஞ்சு தாராங்களாம்" என்று அம்மாவுக்குப் பரம சந்தோஷம். கூடு என்றால் எங்கள் தானியக் கூடு. அறுத்த சாமை அடுத்த வருஷம் வரை அதில்தான் இருக்கும். கால்களின் மேல் நிற்பதும், தட்டைக் கல் வைப்பதும் எலிக்காக. கதவு சின்னதாக இருப்பது என்னைப் போன்றவர்களுக்காக.

கூரை வேய்ந்தவர்கள் வேலை முடிந்ததும் ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். தெருவிலேயே எடுப்பாக நிற்பது எதுவோ அது மன்னருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

ராசா எப்ப எந்திரிப்பாரு?

மன்னரின் ஓய்வறைக்குப் பின்னால் எங்கள் வீடு. மேரி டீச்சரைத் தெருவில் நிறுத்திவிட்டு நான் மட்டும் பின்பக்கமாக எட்டிப் பார்த்தேன். அம்மா தார்ப்பாயால் மூடிய மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வானத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. நல்ல நேரத்துக்கு வந்த. உங்க ராசாவ எழுப்பிவுடு."

"எங்க ராசாவா?"

"படிச்சவங்கதான வந்து பூட்டுனாங்க? அப்ப உங்க ராசாதான். சாமை அடிச்சு, தூத்தி, காயவெச்சு எல்லாம் ஆச்சு. கூட்டுல கொட்டலாம்னு போனா பூட்டுத் தொங்குது. உள்ள ராசாவோட கட்டில் கெடக்குதாம். எனக்குத் தெரிஞ்சு அதுக்குள்ள படுத்திருந்தது ஒரு எலி. அதையும் நான் அடிச்சுட்டேன்."

"பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேக்கலியா?"

"கேட்டனே. இந்தப் பையன் மேல கேக்கணுங்கறான். மேல கேட்டா கீழ கேக்கணுங்கறாங்க. உங்கப்பனும் மரவள்ளி லோடு ஏத்திக்கிட்டு லாரியோட போயிட்டாரு. நான் யாரைன்னு கேக்கறது?"

மலைக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் வைக்கலாம் என்றால் ஒரு பக்கம் ஒழுகல், இன்னொரு பக்கம் எலி. இந்தத் தார்ப்பாய் ஒரு தூறலைத் தாங்கும். கொல்லிமலை மழையைத் தாங்காது. நனைந்தால் சாமை சூடேறிப் பூசணம் பிடித்துவிடும்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள். என் அம்மா குரலைத் தாழ்த்துவது அபூர்வம். "வெதைச் சாமையும் இதுலதான் கண்ணு இருக்குது. இது போச்சுன்னா அடுத்த வருசம் வெதைக்கறதுக்கும் இல்ல."

அந்த நேரம் பார்த்து மேரி டீச்சர் என்னைத் தேடிக்கொண்டு வந்து நின்றார். கொடியில் தொங்கிய சுடிதாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவின் மூக்கையும் என் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர், இது உங்க வீடா?"

"ஆமாம்."

"அப்ப நீங்க... மன்னர் பரம்பரையா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அம்மா முறைத்ததால் விட்டுவிட்டேன்.

கட்டில் போன வழி

நான் திரும்பி வந்தபோது தினேஷ் பூட்டைத் திறந்து, வரிசையாக எல்லோரையும் எட்டிப்பார்க்க விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு மரக்கட்டில், பட்டுத் தலையணை, அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய வாள்.

நான் கை தூக்கினேன். வகுப்பில் கை தூக்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த ஆசை இருந்தது.

"இந்தக் கல்லெல்லாம் எதுக்குங்க?"

"அது மன்னர் பாதம் வைக்கறதுக்குங்க."

"நாலு கல் இருக்குதே. மன்னருக்கு நாலு காலா?"

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது.

"கட்டிலை இந்த வாசல் வழியா எப்படிங்க உள்ள கொண்டு போனீங்க?"

"பிரிச்சுக் கொண்டுபோயி உள்ள வெச்சு மாட்டுனோம் மேடம்."

"மன்னரையும் அப்படித்தானா?"

இப்போது தொப்பிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். தினேஷின் முகம், கேள்வித்தாள் மாறி வந்துவிட்ட பையனின் முகம் ஆகிவிட்டது. எனக்கு அந்த முகத்தைத் தெரியும். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"தம்பி, நான் இந்த வீட்டுப் பொண்ணு. இது எங்க சாமைக் கூடு. இன்னிக்குக் கூடு நிரப்பற நாள். இவங்க வெறும் கட்டிலைப் பார்த்துட்டுப் போறதா, இல்ல வருஷத்துக்கு ஒருதடவை நடக்கறதைப் பார்க்கறதா? நீங்களே சொல்லுங்க."

"கட்டிலை எடுத்தா என் வேலை போயிருங்க்கா." மேடம் அக்கா ஆகியிருந்தேன்.

"வேலை போகாது. எல்லாத்தையும் நான் சொல்லித் தாரேன். நீங்க உங்களுக்கே தெரிஞ்ச மாதிரி சொல்லிக்குங்க."

தூரத்தில் இடி உருண்டது. தினேஷ் வானத்தைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நண்பர்களே, இன்னிக்கு உங்களுக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி!" என்றார். பிழைத்துக்கொள்ளும் பையன்.

கட்டில் பிரிக்கப்பட்டு வெளியே வந்தது. எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் அதை மறுபடி மாட்டினார்கள். வாளையும் தலையணையையும் அதன்மேல் வைத்தார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டுக்குள் ஏறினாள்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்க எல்லாரும்!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. மன்னருக்குக்கூடக் கழற்றாதவர்கள் கழற்றினார்கள்.

மூட்டையைப் பிரித்துக் கூடை கூடையாக அள்ளிக் கொடுத்தேன். வரிசை நின்றது. ஒவ்வொருவரும் கூடையை வாங்கி, நாலு எட்டு நடந்து, கதவருகே நீட்ட வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு வாட்டசாட்டமான அண்ணன் கூடையை ஒரே கையில் தூக்கிக்கொண்டு மறு கையால் தன்னைப் படம் எடுத்தார். பாதிச் சாமை கல்தரையில் கொட்டியது.

"அட சாமி! போட்டோ உன்னைய விட அழகா இருக்குதா? கூடையப் பாரு!" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள். அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார்.

குழந்தைகள் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போனார்கள். தொப்பிக்காரர் தொப்பியிலேயே வாங்கிக்கொண்டு போனார். மேரி டீச்சர் கூடையைத் தலையில் வைத்துக் கையை விட்டுவிட்டு நடந்தார். "நாங்க மீன்கூடை சுமந்த குடும்பமாக்கும்" என்றார். இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலி, எனக்கு இது தெரியாது.

முதல் துளி விழுந்தபோது கடைசிக் கூடை உள்ளே போயிருந்தது. அம்மா இறங்கிக் கதவைச் சாத்தி, சாணியும் மண்ணும் குழைத்துக் கதவோரம் முழுக்க அப்பி அடைத்தாள். இனி அடுத்த பௌர்ணமி வரை அதை யாரும் தொடக்கூடாது. மன்னரே வந்தாலும்.

நான் கையைத் தட்டிக்கொண்டு நின்றேன். படித்த மூளை என்றால் சும்மாவா?

நான் மறந்துபோன பாதி

அம்மா கையைக் கழுவிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாரும் கைகால் கழுவிட்டு வந்து உக்காருங்க சாமி. சோறு ஆக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூட்டுக்குத் தானியம் சுமந்தவர்கள் அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் வழக்கம் அது. வழக்கமாகச் சுமப்பது அப்பாவும் பெரியப்பா மகன்களும். வீட்டுச் சட்டியில் ஆக்கினாலே மீதியிருக்கும். விடுதியில் படித்து, வெளியூரில் வேலை பார்த்ததில், கூடு நிரப்புவது மட்டும்தான் எனக்கு நினைவிருந்தது. அதற்குப் பிந்திய சோறு மறந்துவிட்டது.

"அம்மா, ஒரு பஸ் ஆளு இருக்காங்க!"

"யாரு கூட்டிக்கிட்டு வந்தது? நானா?"

"ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுத்து அனுப்பிரலாமா?"

"நம்ம கூட்டுக்குச் சொமந்தவங்களப் பட்டினியா அனுப்பிச்சுட்டு, அந்தச் சாமைய நான் எப்படித் திங்கறது?"

வீட்டில் ஆக்குவதற்கு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு சட்டி அடியில் கொஞ்சம் அரிசி. மற்றதெல்லாம் இப்போதுதான், என் சாமர்த்தியத்தால், கடைசி மணி வரை கூட்டுக்குள் போய்ச் சாணி பூசி அடைக்கப்பட்டிருந்தது.

மழை இறங்கியது. விருந்தினர்கள் எங்கள் வீட்டிலும் எதிர்வீட்டுத் தாழ்வாரத்திலுமாக ஒண்டிக்கொண்டார்கள். யாரும் போகிற மாதிரி தெரியவில்லை. "சாமைச் சோறாம்!" என்று வீட்டுக்குப் போன் போடச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கறுப்பி வழியாக

எதிர்வீடு சின்னத்தாயி அத்தையுடையது. அப்பாவின் அக்கா. அத்தை வீட்டில் உமி நீக்கிய சாமையரிசி எப்போதும் குதிர் நிறைய இருக்கும். பெரிய அண்டாவும் உண்டு. ஆனால் அத்தையும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு கோழி. அத்தை வீட்டில் பொரித்த அது எங்கள் விறகு அடுக்கில் வந்து முட்டையிட்டது. முட்டை யாருக்கு என்பது வழக்கு. அந்தக் கோழி என்றைக்கோ குழம்பாகிவிட்டது. வழக்கு மட்டும் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த சமயத்தில் ஆரம்பித்தது, பி.எட். முடித்தும் முடியவில்லை.

ஆனால் எதிரெதிர் வீடு. பேசாமல் முடியுமா? அந்தக் கோழியின் வம்சத்தில் வந்த கறுப்பியிடம் இருவரும் பேசுவார்கள். கறுப்பி நடுவில் நின்று மண்ணைக் கிளறும்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். "ஏ கறுப்பி, எதுத்த ஊட்ல சாமையரிசி இருக்குமான்னு கேளு. நாளைக்கே மெசினுக்குக் கொண்டுபோயி அரைச்சுத் தந்தர்றேன்னு சொல்லு."

சாமை கூட்டுக்குள் அடைந்திருக்கும்போது நாளைக்கு எதை அரைப்பாள் என்று கறுப்பி கேட்கவில்லை.

அத்தை குதிரடியிலிருந்து எழுந்துவரவே இல்லை. "கறுப்பி, ராசா ஊட்டுக்காரங்களுக்கு வேலைக்காரி ஊட்டு அரிசி எதுக்குன்னு கேளு."

அப்போதுதான் அத்தை வீட்டுச் சுவரில் தொங்கிய பலகையைப் பார்த்தேன். 'அரண்மனைப் பணிப்பெண்கள் குடில்.' அத்தைக்கு எழுத்து தெரியாது. சுற்றுலா வந்த குழந்தை ஒன்று சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. எங்கள் அத்தை இதுவரை தன் புருஷனுக்குக்கூட ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. அந்தப் பலகையை எழுதியவர் அவளை ஒருதரம் பார்த்திருந்தால் எழுதியிருக்கமாட்டார்.

நான் மழையில் ஓடிப் பலகையைக் கழற்றினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மேரி டீச்சர் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து நீட்டினார். தினேஷ், "அக்கா..." என்று ஆரம்பித்து, அண்டாவைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். அவரும் ஒரு கூடை சுமந்திருந்தார். பசி.

"சொல்லுங்க அத்தை, என்ன எழுதட்டும்?"

அத்தை வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "சின்னத்தாயி ஊடுன்னு எழுது. இங்க யாரும் யாருக்கும் வேலைக்காரி இல்லன்னு எழுது. பெருசா எழுது."

எழுதினேன். அத்தை என்னை நம்பவில்லை. "நான் சொன்னதை இவ எழுதமாட்டா. நீங்க படிங்கம்மா" என்று மேரி டீச்சரிடம் கொடுத்தாள். அவர் தேவாலயத்தில் வாசிப்பதைப் போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். தாழ்வாரத்தில் நின்ற கூட்டம் கைதட்டியது. அத்தை இன்னொருமுறை படிக்கச் சொன்னாள்.

பிறகு கொல்லைப்பக்கம் திரும்பி, "கறுப்பி, வந்து அண்டாவ எடுத்துக்கச் சொல்லு" என்றாள்.

உப்பு

அத்தை வீட்டில் சோறு வெந்தது. எங்கள் வீட்டில் அவரைக் குழம்பு கொதித்தது. கோயம்புத்தூர் அண்ணன் அவரை உரித்தார். தொப்பிக்காரர் வாழை இலை அறுத்துவந்து, தொப்பியால் துடைத்தார். தினேஷ் ஒவ்வொருவரிடமும் போய், கூட்டின் கல் எதற்கு, கதவு ஏன் சின்னது என்று சொந்தச் சரக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். எலி வரும் இடத்தில் நடித்தே காட்டினார்.

இலை போட்டாகிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. கூரை ஒழுகி எங்கள் ஜாடி உப்பு கரைந்து ஓடியிருந்தது.

கரண்டியோடு எதிர்வீட்டு வாசலுக்கு வந்து, "ஏ கறுப்பி" என்றாள்.

கறுப்பி அங்கே இல்லை. அம்மா தெருவைப் பார்த்தாள், விறகு அடுக்கைப் பார்த்தாள். நானும் தேடினேன்.

கறுப்பி மன்னரின் கட்டிலில் இருந்தது. பட்டுத் தலையணையைக் குழித்து, சிறகை அகட்டி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. முட்டை போடுகிற கோழியை எங்கள் ஊரில் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

அத்தை அடுப்படியில் நின்றாள். அம்மா வாசலில் நின்றாள். நடுவில் பேச ஆளில்லை. இலைக்கு முன்னால் ஒரு பஸ் ஆட்கள் காத்திருந்தார்கள்.

அம்மா கரண்டியைக் கைமாற்றினாள். தொண்டையைச் சரிசெய்தாள்.

"நங்கை" என்றாள். நாத்தனாரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைக்க வேண்டும். அந்தச் சொல்லை அம்மா வாயால் நான் கேட்டதே இல்லை. "நங்கை, கொஞ்சம் உப்பு இருக்குதுங்களா?"

அத்தை கட்டிலைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். அப்புறம் உப்பு ஜாடியையே தூக்கிக்கொண்டு வந்து அம்மாவின் கையில் வைத்தாள்.

"இதைக் கேக்கறதுக்கு இவ்வளவு நாளா?"

குழம்பு ஊற்றி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, குடை பிடித்துக்கொண்டு அடுத்த கூட்டம் தெருவுக்குள் வந்தது. தினேஷ் வாயிலிருந்த சோற்றை அவசரமாக விழுங்கி, கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடினார்.

"எல்லாரும் இப்படி வாங்க. இதுதாங்க மன்னரோட கட்டில். சத்தம் போடாதீங்க. முட்டை வெச்சுக்கிட்டு இருக்குது."